வலி குறைந்துவிட்டது, விரல் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். அம்மாவுக்கு 54 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பீடி சுற்றுகிறார்கள். போன வருஷம் கழுத்திலிருந்து வலது கை வரை கடுமையான வலி. மாத்திரை, கழுத்துப் பட்டை என்று நாலைந்து மாதத்தில் அடங்கிவிட்டது. ஆனால் இப்போது கத்தரி கையிலிருந்து நழுவுகிறது என்கிறார்கள். தினம் ஆயிரம் சுற்றியவர்களுக்கு ஐந்நூறு தாண்டவில்லை. தலையைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடிப்பதுபோல் இருக்கிறதாம். ஸ்கேனில் 'சி5-6, சி6-7 டிஸ்க் தண்டுவடத்தை அழுத்துகிறது' என்று வந்திருக்கிறது. டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார். பெரியம்மாவோ, 'கழுத்தில் கத்தி வைத்தால் கை கால் விழுந்துவிடும், பாபநாசம் பக்கம் ஒரு ஆசான் இருக்கிறார், அவரிடம் எண்ணெய் போட்டால் போதும்' என்கிறார்கள். வலிதான் குறைந்துவிட்டதே, தள்ளிப்போடலாமா? செயற்கை டிஸ்க் நல்லதா? எனக்கும் ஆறு மாதமாகக் கழுத்து வலி. நானும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: (நரம்பியல் அறுவை மருத்துவர், பாளையங்கோட்டை)

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குத் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது போன வருஷத்து வலி இல்லை, நழுவுகிற கத்தரிதான். வலி இருக்கும்வரை வீட்டில் எல்லாரும் பதறி ஓடி வருவார்கள். வலி நின்றதும் டாக்டரிடம் வருவதும் நின்றுவிடும். கழுத்து டிஸ்க் விஷயத்தில் பல பேர் ஏமாறுவது இங்கேதான்.

கழுத்தில் ஏழு எலும்பு. மேலிருந்து சி1, சி2 என்று எண் போடுவோம்; சி5-6 டிஸ்க் என்றால் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் உள்ளது. மேலே உள்ள இரண்டுக்கு நடுவே டிஸ்க் கிடையாது. அதற்குக் கீழே ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்று உண்டு. இளம் வயதில் டிஸ்க் நுங்கு மாதிரி: வெளியே உறுதியான ஓடு, உள்ளே கொழகொழவென்று சதை. வயதாக ஆக அதுவும் முற்றிய நுங்கைப்போல நீர் வற்றிக் கடினமாகி, ஓரத்தில் பிதுங்கும். பிதுங்கிய இடத்தை ஒட்டி எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து முனை விடும்.

பிதுக்கம் பக்கவாட்டில் போனால் கைக்குப் போகும் நரம்பு வேரைக் கடிக்கும். சி6-7 டிஸ்க் என்றால் நடுவிரல் மரக்கும், முழங்கையை நீட்டும் பலம் குறையும். சி5-6 என்றால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல். போன வருஷம் அம்மா துடித்தது இப்படி ஒரு வேர் வலியில். அது பெரும்பாலும் தானாகவே ஆறும். பிதுங்கிய சதையை உடம்பே கரைத்துக்கொள்ளும், வீக்கம் வடியும். அப்படி வந்தவர்களை ஆறு முதல் பன்னிரண்டு வாரம் மாத்திரை, பயிற்சி என்று வைத்துப் பார்ப்பதுதான் முறை. வந்த அன்றைக்கே கத்தியை எடுக்கிற டாக்டரிடம் நானே போகமாட்டேன்.

பிதுக்கம் நடுவில் நேராகப் பின்னால் வந்தால் கதை வேறு. அங்கே இருப்பது தண்டுவடம். கைக்கும் காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மூளை அனுப்பும் அத்தனை கட்டளையும் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. அது ஓடும் எலும்புக் குழாயின் முன்பின் அகலம் 13 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே குறுகல் என்போம். அந்த இடத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிதுக்கம் பெரிய விஷயம். தண்டுவடம் நசுங்கும்போது பெரும்பாலும் வலிக்காது. விரல் மந்தமாகும், நடை கனக்கும், அவ்வளவுதான். குனிந்தால் முதுகில் கரண்ட் அடிப்பது தண்டுவடத்தின் முறையீடு. கழுத்தைக் குனியும்போது அது நீண்டு, முன்னால் துருத்தி நிற்கும் எலும்பு முனைமேல் இழுபடுகிறது. சுளகை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்தே இருப்பவர்களுக்கு அந்த இழுப்பு எத்தனை மணி நேரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

(பீடி சுற்றியதால்தான் இது வந்தது என்று சொல்லமாட்டேன். பீடியைத் தொடாதவர்களுக்கும் வருகிறது. குழாய் பிறவியிலேயே குறுகலாக இருப்பவர்கள் நிறைய. குனிந்த வேலை அதை மோசமாக்கும், அதுமட்டும் நிச்சயம்.)

ஊருக்குப் போகும்போது வீட்டிலேயே சில சோதனை செய்து பாருங்கள். அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து, கையை நீட்டி, பத்து வினாடியில் முடிந்த வேகத்தில் விரல்களை மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். போனில் வீடியோ எடுத்துவிட்டுப் பிறகு எண்ணுங்கள். 20 தடவையாவது வர வேண்டும். தண்டுவடம் நசுங்கியவர்களுக்கு அவ்வளவு வராது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மற்ற விரல்களோடு சேராமல் பின்தங்கி விரியும். அடுத்து, உள்ளங்கை கீழே பார்க்க விரல்களை ஒட்டி நீட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் வைத்திருக்கட்டும். சுண்டுவிரல் தானாக விலகிப்போகிறதா பாருங்கள். பிறகு முற்றத்தில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதியை மறு காலின் விரலில் முட்டவைத்து நடக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், தடுமாறினால் பிடிக்க வேண்டும்.

செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறார்களா, கோலக் கோடு முன்போல் நேராக விழுகிறதா என்றும் கேளுங்கள். இன்னொன்று உண்டு. சிறுநீர் வந்தால் அடக்க முடியாமல் ஓடவேண்டியிருக்கிறதா என்பது. இதை உங்களிடம் சொல்லமாட்டார்கள். அக்காவோ மதினியோ தனியாகக் கேட்கட்டும்.

கை வேலை, நடை, தொடு உணர்வு, சிறுநீர் எல்லாம் சேர்த்து நாங்கள் 18-க்கு மதிப்பெண் போடுவோம். 15-க்குக் கீழே வந்தால் அறுவை சிகிச்சை என்பதே இன்றைய வழிகாட்டுதல். 15 முதல் 17 வரை உள்ளவர்களுக்கு மட்டும் பயிற்சியோடு கண்காணித்துப் பார்க்கும் வாய்ப்பு உண்டு, அதுவும் மோசமாகிறதா என்று விடாமல் பார்த்துக்கொண்டு. ஆயிரம் பீடி ஐந்நூறானவர்கள் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்று நேரில் பார்க்காமலே ஊகிக்கிறேன். ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டியது, அம்மாவின் முட்டியில் சுத்தியலால் தட்டிப் பார்த்த டாக்டர்தான்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க விரலால் வேலை செய்பவர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு இறுகும் கோளாறும் வரலாம். ராத்திரி கை மரத்து எழுப்பிவிடும், உதறினால் சரியாகும். சர்க்கரையும் பி12 குறைவும் விரல் மரப்பைத் தரும். சர்க்கரைக்கு மெட்பார்மின் பல வருஷம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம். ஒரு ரத்தப் பரிசோதனையும் கை நரம்புச் சோதனையும் செய்துவிட்டால் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் கரண்ட் அடிப்பது மணிக்கட்டுக் கோளாறில் வராது; பி12 மிகவும் குறைந்தால் மட்டும் அதுவும் வரலாம்.

இனி பெரியம்மாவின் பயம். அதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். அந்தக் காலத்தில் கழுத்து டிஸ்க்கைப் பின்பக்கமாகத் திறந்துதான் எடுத்தார்கள். நடுவில் இருக்கும் பிதுக்கத்தை எட்ட வேண்டுமானால் தண்டுவடத்தையே ஒதுக்க வேண்டும். அதில் கை கால் போனவர்கள் உண்டு. 1950-களில் ராபின்சன், ஸ்மித், கிளோவர்ட் என்ற அமெரிக்க மருத்துவர்கள் முன்பக்க வழியைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. ஆனாலும் பேச்சு போகவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் பக்கத்தில் பலர் நடை முழுக்கப் போய், இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வரும் நிலையில்தான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்கிறார்கள். அதற்குள் தண்டுவடத்தில் தழும்பு விழுந்திருக்கும். அழுத்தத்தை எடுத்தாலும் தழும்பு போகாது. அவர் நடக்கவில்லை என்றதும் ஊர் கத்தியைக் குறை சொல்லும்.

ஆபரேஷன் நடக்கும் விதம் இது. முழு மயக்கம். மல்லாக்கப் படுக்கவைப்போம். மயக்க மருத்துவர் கழுத்தைப் பின்னால் அதிகம் மடக்காமல் மூச்சு விடுவதற்கான குழாய் போடுவார். தொண்டைக்குப் பக்கத்தில், தோல் மடிப்பை ஒட்டியே நாலைந்து சென்டிமீட்டர் கீறல். வருஷம் ஒன்றானால் தேடித்தான் பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசையைத் தாண்டியதும் அறுக்க எதுவும் இல்லை. ரத்தக்குழாய் ஒரு பக்கம், மூச்சுக்குழலும் உணவுக்குழலும் மறு பக்கம், நடுவே இயற்கையாகவே ஒரு வழி இருக்கிறது. அதை விலக்கிக்கொண்டு போனால் எலும்பு வந்துவிடும். அங்கே ஊசி குத்தி எக்ஸ்ரே எடுத்து, சரியான டிஸ்க்தானா என்று பார்த்த பிறகே கை வைப்போம். மைக்ராஸ்கோப்பில் டிஸ்க்கைத் துண்டு துண்டாக எடுத்து, பின்னால் வளர்ந்த எலும்பு முனையைத் தேய்த்து எடுப்போம். எலும்புக்குப் பின்னால் உள்ள நாரின் கடைசி ஏட்டைப் பிரித்ததும், அதுவரை தட்டையாகக் கிடந்த தண்டுவடத்தின் உறை மெல்ல முன்னால் வந்து துடிக்கத் தொடங்கும். அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு சீராகும். காலியான இடத்தில் எலும்புத்தூள் நிரப்பிய ஒரு சின்னக் கூடு, முன்னால் டைட்டானியம் தகடு, சில ஸ்குரூ. இரண்டு டிஸ்க் என்றால் இரண்டு மூன்று மணி நேரம். அன்று மாலையோ மறுநாளோ எழுந்து நடக்கலாம்.

இரண்டு இடம் எலும்போடு எலும்பாக ஒட்டிவிட்டால் தலை திரும்புமா என்று எல்லாரும் கேட்பார்கள். தலையை இடம் வலம் திருப்புவதில் பாதி மேலே உள்ள முதல் இரண்டு எலும்பில் நடக்கிறது. அதை நாங்கள் தொடுவதே இல்லை. அண்ணாந்து பார்க்கும்போது கொஞ்சம் குறையும்.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு வாரம் விழுங்க சிரமம் பலருக்கும் வரும். கஞ்சி, குழைந்த சோறு, ரசம் என்று ஓட்டிவிடலாம். குரல்நாண் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் குரல் கம்மலாம். பெரும்பாலும் திரும்பிவிடும், அரிதாகத் தங்கிவிடும். சிலருக்குத் தோளைத் தூக்கும் பலம் சில மாதம் குறைந்து மீளும். கூடு ஒட்டாமல் போவதும் உண்டு. தண்டுவடத்துக்கே காயம் படுவது மிக அரிது, ஆனால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் பயப்படுவது இன்னொன்றுக்கு: முதல் நாளில் உள்ளே ரத்தம் கட்டி, கழுத்து வீங்கி மூச்சை அடைப்பது. உடனே திறந்து எடுத்தால் சரியாகிவிடும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் டாக்டர் போகச் சொல்லும் முன்பே டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் தூங்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

பல வருஷம் கழித்து, ஒட்டிய இடத்துக்கு மேலோ கீழோ உள்ள டிஸ்க் தொந்தரவு தரலாம். 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில் வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்று பேர் அளவில் அப்படி வந்தது. அதில் எவ்வளவு ஆபரேஷனால், எவ்வளவு வயதால் என்ற வாதம் இன்றுவரை தீரவில்லை.

செயற்கை டிஸ்க் அந்தக் கவலைக்காக வந்ததுதான். வயது குறைந்தவர், மெத்தென்ற டிஸ்க் பிதுங்கியவர், எலும்பு தேயாதவர் என்றால் நல்ல வழி. அம்மாவுக்கு எலும்பு முனையும் இறுக்கமும் சேர்ந்திருந்தால் அசையாத இடத்தில் அசையும் டிஸ்க்கை வைத்துப் பயன் என்ன? செலவுதான் ஏறும். அதைவிட முக்கியம், ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்து, எலும்புகளுக்குப் பின்னால் உள்ள நார் எலும்பாக மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. ஆசியர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது. நாலைந்து மட்டத்துக்கு நீண்டிருந்தால் முன்பக்க வழியை விட்டுப் பின்பக்கமாகக் குழாயை அகலப்படுத்துவதே மேல்.

ஆசான் விஷயம். தோளில் எண்ணெய் தேய்த்துச் சூடு வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை, தசை வலிக்கு இதமாகவே இருக்கும். ஆனால் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுப்பது கூடவே கூடாது. நசுங்கிய தண்டுவடத்தோடு அதைச் செய்து ஒரே நொடியில் கை கால் விளங்காமல் போகலாம். நல்ல கழுத்திலும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிய வாய்ப்புண்டு. சலூனில் முடிவெட்டி முடித்துத் தலையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்புவார்களே, அதுவும் இதில் சேர்த்தி. உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆபரேஷன் தேதி வரும்வரை அம்மா கீழே விழாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. குறுகிய குழாயோடு ஒருவர் தடுக்கி விழுந்து தலை பின்னால் சாய்ந்தால், எலும்பு முறியாமலே இரண்டு கையும் செயலிழந்து போகலாம். ஆற்றுப் படித்துறைப் பாசியில் இப்போதைக்கு இறங்க வேண்டாம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து பள்ளம் மேட்டில் போக வேண்டாம். சாரல் சீசன் என்று குற்றால அருவியில் தலையைக் கொடுத்துவிட வேண்டாம்; அந்தத் தண்ணீர் விழும் வேகம் நல்ல கழுத்துக்கே பலப்பரீட்சை. சுளகை மடியிலிருந்து எடுத்து ஒரு ஸ்டூல்மேல் வைத்து, குனியாமல் சுற்றப் பழகட்டும். எண்ணிக்கை குறையும், தெரியும். வெற்றிலையோடு போயிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தட்டும். நிகோடின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். பீடித்தூளைத் தொட்டுக்கொண்டே இருந்தாலும் தோல் வழியாகக் கொஞ்சம் உள்ளே போகிறது. அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதமாவது பீடிக்கடைக்கு லீவு சொல்லிவிடுங்கள்.

மறுபடி ஆயிரம் சுற்றுவார்களா? நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். இருப்பது மேலும் போகாமல் காப்பதுதான் இந்த ஆபரேஷனின் முதல் நோக்கம். பலருக்கு அதற்கு மேலும் கிடைக்கிறது. முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். நடை தேறினாலும் விரலின் நுணுக்கமும் வேகமும் கடைசியாகத்தான் வரும், சிலருக்கு முழுதாக வராது. ஸ்கேனில் தண்டுவடத்துக்குள்ளேயே வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தெரிந்தால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனை மட்டும் இன்னும் சீக்கிரமாக்குங்கள்.

செலவை நினைத்துத் தயங்குகிறீர்களோ என்னவோ. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலேயே நரம்பியல் அறுவைப் பிரிவு இருக்கிறது. இதற்காக மதுரை, திருவனந்தபுரம் என்று நீங்கள் அலைய வேண்டியதில்லை. தனியார் ஆஸ்பத்திரி என்றால், தகடும் கூடும் காப்பீட்டுத் தொகைக்குள் அடங்குமா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கழுத்து. ஆறு மாத வலி என்கிறீர்கள். கை மரப்பு, பலவீனம், நடைத் தடுமாற்றம் எதையும் எழுதவில்லை. ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை ஸ்கேன் எடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 87 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது, இருபது வயதுக்காரர்கள் உட்பட. தண்டுவடம் நசுங்கியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். நீங்கள் இப்போது ஸ்கேன் எடுத்தால் 'பல்ஜ்' (பிதுக்கம்) என்று ஒரு வரி அநேகமாக வரும். அதைப் பார்த்து ராத்திரி தூக்கம் போகும், வலி இரண்டு மடங்காகும். மெஷினில் குனிந்தே வேலையா, தலைக்கு மேலே கை தூக்கி வேலையா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தோளைப் பின்னால் சுழற்றுங்கள். போனை முகத்துக்கு நேரே உயர்த்திப் பாருங்கள். தலையணை ஒன்று போதும். ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கழுத்துத் தசைக்கான பயிற்சியைக் கற்று ஆறு வாரம் விடாமல் செய்யுங்கள். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் போட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

காய்ச்சல், எடை குறைதல், ராத்திரியில் எழுப்பும் வலி, கையில் பலம் குறைவது, இதில் ஏதாவது ஒன்று வந்தால் அப்போது ஸ்கேன் பேசலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் உங்கள் கையையும் முட்டியையும் அந்த டாக்டரிடம் ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவின் ஸ்கேனில் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாமல் பிலிமையும் படம் பதிந்த கம்ப்யூட்டர் தட்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள். அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளை, முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை இருந்தால் அதை, அட்டையோடு காட்டுங்கள்.